தயக்க நேரம்

ஆகஸ்ட் 6, 2041. செவ்வாய்.

இன்று கண்ட தவறு: ஒன்று. சோதனைக்காக எழுதிய பதிவு வரியை நீக்காமலே செயலியைப் பணிமனையில் கொடுத்திருக்கிறேன். விரல் கடைசியில் எதைத் தேர்ந்தது என்பதை மட்டும்தான் அது வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு மாதமாக விரல் போன வழி முழுவதும் சேர்ந்து கிடக்கிறது. பயனரின் விரல்வழி அவருடைய சொந்த விஷயம், அன்றன்றே அழித்துவிட வேண்டும் என்று முதல் பருவத்தின் மூன்றாவது வகுப்பிலேயே சொன்னார்கள். குறிப்பும் எடுத்திருக்கிறேன். எடுத்தும் மறந்தேன். வெளியாள் யாரும் பார்க்கவில்லை. மொத்தம் எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு அழிக்க வேண்டும்.

பெனினா எதை அழித்தாலும் எண்ணிவிட்டுத்தான் அழிப்பாள். பழைய குறுஞ்செய்தியானாலும் சரி, கரும்பலகையில் கிடக்கும் கணக்கானாலும் சரி. பல்கலைக்கழகத்தின் மாலை நேரப் படிப்பில், கைபேசிச் செயலி வடிவமைப்பும் உருவாக்கமும் பயிலும் முப்பது பேரும் செய்முறை நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. இருபத்தொன்பது பேர் பருவத்தின் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நான்கு வகை மையில் எழுதி முடிப்பார்கள். அவள் ஒருத்திதான் தினமும் எழுதினாள். எழுதாமல் படுத்தால், செய்தது சரியா தவறா என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

பகலில் அவளுக்குத் திருநெல்வேலி நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை. யாருக்கு எந்த வண்டி என்று பணி ஒதுக்கும் பிரிவில் ஒப்பந்த ஊழியர். அங்கே தினமும் நடக்கும் கூத்தைப் பார்த்துத்தான் இறுதித் திட்டத்துக்கு ‘மாத்து’ என்ற செயலியைச் செய்தாள். ஒரு நடத்துநரால் நாளைக்கு வர முடியாது என்றால் தன் பணியை அதில் போட்டுவிடலாம். செயலி வேறொருவரைத் தேர்ந்து கேட்கும். திரையில் இடது பக்கம் ‘முடியாது’, வலது பக்கம் ‘சரி’. அவ்வளவுதான். இருபது நடத்துநர்கள் நான்கு மாதமாகப் பயன்படுத்துகிறார்கள். பணிமனையில் மாற்று ஆள் தேடி யாரும் அலைவதில்லை.

இதில் அமுக்குவது என்பதே கிடையாது. அந்த வருடத்துக் கைபேசிகளை யாரும் அமுக்குவதில்லை. விரல் இரண்டு அங்குலம் தள்ளி வரும்போதே கண்ணாடிக்குத் தெரிந்துவிடும். வரும் சாய்வையும் வேகத்தையும் பார்த்து, இவர் இதைத்தான் தொடப் போகிறார் என்று கணித்து, தொடுவதற்கு முன்பே செய்து முடித்து, கையில் ஒரு சின்ன அதிர்வைக் கொடுத்துவிடும். கேள்வி வந்ததற்கும் பதில் பதிவானதற்கும் இடையில் கழியும் நேரத்துக்குத் தயக்க நேரம் என்று பெயர். அது அரை விநாடிக்குக் கீழே இருந்தால் முதல் வகுப்பு. ‘மாத்து’வின் சராசரி 0.38. அந்தத் துறையில் அதுவரை யாரும் அவ்வளவு குறைத்ததில்லை.

வியாழக்கிழமை மாலை திட்ட மதிப்பீடு. மறுநாள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பணிமனைகளின் அதிகாரிகள் வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பெனினாவின் ஒப்பந்த வேலை நிரந்தரமாகிவிடும் என்று கிளை மேலாளர் சிவகுருவே சொல்லியிருந்தார்.

ஆகவே அழிப்பதுதான் புத்தி. எண்ணினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. எழுதிக்கொண்டாள். ஒரு பதிவு என்ன அளவு என்றும் குறிக்க வேண்டுமே என்று ஒன்றைத் திறந்தாள். சண்முகக்கனி என்று பெயர் இருந்தது.

ஒரு மெல்லிய கோடு. திரைக்குக் கீழிருந்து கிளம்பி இடது பக்கமாக ஏறி, ‘முடியாது’வுக்கு நேர் மேலே வந்து நின்றது. தொடவில்லை. நின்ற இடத்திலேயே லேசாக நடுங்கியது. அதோடு முடிந்தது. கீழே, பதில்: சரி.

பெனினா அடுத்ததைத் திறந்தாள். அதே கோடு. அதற்கு அடுத்ததும். சண்முகக்கனியின் அறுபத்தொரு பதிவுகளையும் பார்த்தாள். ஐம்பத்திரண்டில் விரல் இடது பக்கம் போய் நின்றிருந்தது. ஐம்பத்திரண்டிலும் பதில் சரி.

அவள் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குக் காலை வண்டியை முடித்துவிட்டுச் சண்முகக்கனி கேண்டீனுக்கு வந்தாள். நாற்பத்தாறு வயது. பயணச்சீட்டை வண்டியே கொடுக்கிற காலத்திலும், படியில் தொங்குகிறவனை உள்ளே இழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கேற்ற தோள். உளுந்தவடையை ஒரு கையிலும், கனத்துத் தொங்கும் துணிப்பையை மறு கையிலும் வைத்திருந்தாள்.

“கனியக்கா, ஒரு நிமிசம் பேசணும்.”

“ஒரு நிமிசம்னு சொல்லிட்டு நோட்டை வேற தூக்கிட்டு வந்திருக்க. என்னட்டி, விசாரணையா?” பையைக் கீழே வைத்தாள். தரை ‘ணங்’ என்றது. உள்ளே நான்கு கிலோ இரும்புக் குண்டு. மூத்தோர் தடகளத்தில் குண்டெறிகிறவள் அவள் என்பது பணிமனைக்கே தெரியும்.

“வார ஞாயித்துக்கெழமை பாபநாசம் வண்டிய நீங்க எடுத்திருக்கிய.”

“ஆமா, எடுத்தேன்.”

“அன்னைக்குத்தான மாவட்டத் தடகளத் தேர்வு?”

வடையைப் பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. “அதை ஏன் கேக்க? கேள்வி வந்துச்சு, சரின்னுட்டேன். போனு அதிர்ந்தப்புறம்தான், ஐயோ ஞாயித்துக்கெழமையான்னு பாக்கேன். நாலு நாளுக்குள்ள திருப்பவும் விட மாட்டாவ.” பிட்ட வடையை வாயில் போடாமலே சொன்னாள். “நாலு மாசமா எனக்கு இதேதான் பெனி. சாயங்காலப் பயிற்சிக்கு ஒழுங்கா போவல. கோச்சு கேட்டாரு, அந்த வேலைய ஒங்க தலையில கட்டுனது யாருன்னு. நானேதான் எடுத்தேன்னேன். அப்போ ஒங்களுக்கு இதுல ஆசை இல்லன்னு அர்த்தம்னாரு. ராத்திரி படுத்து யோசிச்சா அவரு சொன்னது சரிதான்னு தோணுச்சி. ஆசை இருக்கவ எதுக்கு எல்லாத்துக்கும் சரி சொல்லணும்? எனக்கே என்னயப் பிடிக்காமப் போச்சு.”

பெனினா கைபேசியை மேசையில் வைத்து அந்தக் கோட்டைக் காட்டினாள்.

“இது ஒங்க வெரலுக்கா. இங்கன பாருங்க. முடியாதுக்கு மேல வந்து நிக்கி.”

“நிக்கும். அதுக்கென்ன?”

“ஏன் நின்னிய?”

“படக்குனு முடியாதுன்னு சொல்லிர முடியுமாட்டி? கேக்கவனும் நம்மகூட வேலை பாக்கவன்தான?” சண்முகக்கனிக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்றிருந்தது. “வாயால கேட்ட காலத்துல நான் வாயத் தொறந்து முடியாதுன்னு சொன்னதே கெடையாது. அந்தா நிக்க பஸ்ஸப் பாத்துக்கிட்டு சும்மா நிப்பேன். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அவனே, ‘சரிக்கா, நான் வேற ஆளப் பாக்கேன்’னு போயிருவான். மனசுலயும் வச்சிக்கிட மாட்டான். நம்மூர்ல யாரு முடியாதுன்னு சொல்லுதா? எல்லாரும் இப்படித்தான்.”

“அந்த ஒரு நிமிசத்த என் ஆப் சரின்னு எடுத்துக்கிட்டுக்கா. நீங்க நின்னதும் அது முடிவு பண்ணிட்டு.”

“நான் தொடலயே.”

“தொட வேண்டாமே. அதான் இப்ப கண்ணாடியே பாத்துக்கிடுதே.”

“நான் படிக்கையில அமுக்கணும்ட்டி. அமுக்குனாத்தான் போவும். சில சமயம் ரெண்டு தடவ அமுக்கணும்.” சண்முகக்கனி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ நான் சரி சொல்லல.”

“இல்லக்கா.”

“ஒண்ணுகூடவா?”

“ஒம்பது சொல்லியிருக்கிய. அந்த ஒம்பதுல வெரலு நேரா வலது பக்கம் போயிருக்கு.”

“அந்த ஒம்பது எதுன்னு எனக்குத் தெரியும். மாடசாமி மவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அஞ்சு. மிச்சம் நாலும் தெரியும்.” அவள் முகத்தில் நான்கு மாதத்துப் பாரம் இறங்குவது பார்த்தாலே தெரிந்தது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது. “ஏட்டி, நான் என்னய என்ன ஏச்சு ஏசியிருக்கேன் தெரியுமா?”

பெனினாவால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு மதிப்பீடு. நாளை மறுநாள் பன்னிரண்டு பணிமனை. இப்போது வாயைத் திறந்தால் நான்கு மாதத்து ஒப்புதல்களும் செல்லாமல் போகும், ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலே கலையும்.

“இந்த ஒரு ஞாயிறு மட்டும் போயிட்டு வந்திருங்கக்கா. மதிப்பீடு முடியட்டும். அடுத்த மாசத்துக்குள்ள சரி பண்ணிருதேன். போவியளா?”

சண்முகக்கனி பதில் சொல்லவில்லை. கேண்டீன் சன்னலுக்கு வெளியே நிற்கும் பேருந்தைப் பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை. வண்டியில் ஏதோ பழுது இருக்கிறதா என்று பார்ப்பவள்போல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்றுவரை பெனினாவுக்கு அதன் பொருள் தெரிந்திருக்காது.

“சரிக்கா,” என்றாள். “நான் வேற வழி பாக்கேன்.”

அன்று மாலை ஆறு மணி வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கை மைதீனுடையது. மேலப்பாளையத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பருவம் தொடங்கியதிலிருந்து அவனுடைய செய்முறைப் பதிவேட்டைப் பெனினாதான் எழுதிக் கொடுக்கிறாள். ஏன் எழுதுகிறாள் என்று இருவரும் யோசித்ததில்லை.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான். “ஒரு ஆளுக்குத்தான கொளறு? அந்த அக்கா கணக்க மட்டும் உள்ள போய் மாத்திரு. ஞாயித்துக்கெழமைக்கு வேற பேரைப் போடு. யாருக்குத் தெரியப் போவுது?”

“ஒரு ஆள் இல்ல மைதீன். இருவது பேரையும் பாத்துட்டேன். பதினாலு பேருக்கு இப்படித்தான். மொத்தம் நானூத்திப் பன்னெண்டு.”

மைதீன் விசில் அடிக்க வாயைக் குவித்து, வகுப்பு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான். “நின்னா சரின்னு அர்த்தம்னு அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? சும்மா அதுவா எடுக்காதே. மாதிரித் தொடல் அறுநூறு கொடுத்திருப்பல்லா, அதுல இருந்துதான எடுக்கும். யார்ட்ட வாங்குன?”

பெனினா நோட்டின் ஓரத்தைச் சுருட்டினாள். “நீ யார்ட்ட வாங்குன?”

“நான் எங்க வாங்க? கடையச் சாத்திட்டு ஓடி வாரதுக்கே நேரம் சரியா இருக்கு. எடது கையால பத்துப் பேரு, வலது கையால பத்துப் பேரு. நானே தொட்டேன். கடைசி பெஞ்சுல எல்லாவனும் அப்படித்தான் செஞ்சான். ஊரு பூரா போய்க் கையப் பிடிச்சு மாதிரி எடுக்கதுக்கு நாம என்ன பகல்ல படிக்கவங்களா?”

“நானும்தான்,” என்றாள் பெனினா. “இருவது நடத்துநருக்கும் நானே தொட்டேன்.”

“அப்போ இரு.” மைதீன் தன் கைபேசியில் ‘மாத்து’வைத் திறந்து ஏதோ தட்டினான். பெனினாவின் கைபேசியில் கேள்வி வந்தது. பணி: மைதீனின் பத்தாவது பதிவேட்டை எழுதித் தருதல். நாள்: இன்று.

நாளை மதிப்பீடு. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. முடியாதுதான். அவள் விரல் இடது பக்கம் கிளம்பியது. பாவம், கடையையும் பார்த்துக்கொண்டு எப்படி எழுதுவான் என்று ஒரு கணம் தோன்றியது. கை அதிர்ந்தது. சரி. பதிவானது.

“பாத்தியா?” என்றான் மைதீன்.

“இல்ல, அது சரிதான். எழுதித் தாரேன். அரை மணி நேரந்தான் ஆவும்,” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, பெனினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைதீன் சிரிக்கவில்லை. விரல்வழியைத் திறந்து காட்டினான். இடது பக்கம் ஏறி, ‘முடியாது’வுக்கு மேலே வந்து, நின்று, லேசாக நடுங்கி முடியும் கோடு. சண்முகக்கனியின் கோட்டை அதன்மேல் வைத்தால் பொருந்தும்போல் இருந்தது.

கோடு ஒன்றுதான். வேறுபாடு ஒன்றே ஒன்று. சண்முகக்கனி நின்றால் முடியாது என்று பொருள். பெனினா நின்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் சரி சொல்லிவிடுவாள் என்று பொருள். அறுநூறு தடவை அதைத்தான் அவள் செயலிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

அறுநூறையும் அங்கேயே எண்ணினாள். ‘முடியாது’ என்று தொட்டது பன்னிரண்டு. பன்னிரண்டும் முன்கோபக்காரர் மாடசாமிக்காகத் தொட்டவை. மற்ற பத்தொன்பது பேருக்காக அவள் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

“பெனினா,” என்றான் மைதீன், “ஒரு டிப்போ பூரா நீயா மாறியிருக்கு. நாளான்னைக்குப் பன்னெண்டு டிப்போ.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பதிவேட்ட நானே எழுதிக்கிடுதேன்,” என்றான்.

வியாழன் மாலை ஆய்வகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். படிப்பின் ஒருங்கிணைப்பாளர் லிங்கதுரை கெட்டவர் இல்லை. தன் மாணவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவர். பன்னிரண்டு பணிமனைகளையும் கூப்பிட்டதும் அவர்தான். பக்கத்தில் மேலாளர் சிவகுரு, சட்டைப் பையில் நான்கு பேனாவோடு.

பெனினா எழுதி வைத்திருந்த ஏழு குறிப்பில் முதலாவதை மட்டும் படித்தாள். பிறகு தாளை மடித்துவிட்டுக் கைபேசியைச் சிவகுருவிடம் நீட்டினாள்.

“சார், நீங்க ஒரு தடவ பயன்படுத்திப் பாருங்க.”

திரையில் கேள்வி இருந்தது. ஞாயிறு காலை 5.40, பாபநாசம் வண்டி. நடத்துநராக வர முடியுமா?

சிவகுரு புன்னகைத்தார். விரலை நீட்டினார். ஒரு கணம் எல்லார் முகத்தையும் பார்த்தார். கைபேசி அதிர்ந்தது. சரி. பதிவானது.

“நல்ல வேகம்,” என்றார்.

“சரின்னு வந்திருக்கு சார். வாரியளா?”

“வந்தா என்ன?” சிவகுரு நாற்காலியில் சாய்ந்தார். “மேலாளரே ஒருநாள் வண்டியில ஏறுனாருன்னா பசங்களுக்கும் ஒரு உற்சாகமா இருக்கும்னு தோணுச்சு. அதான் சரின்னு போட்டேன்.”

“ஞாயித்துக்கெழமை மச்சினன் வீட்டுக் கல்யாணம்னு வரும்போது சொன்னீங்களே சார்,” என்றார் லிங்கதுரை.

சிவகுருவின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின. “அட, ஆமா,” என்றார். “பின்ன நான் ஏன் சரின்னேன்?”

பெனினா பெரிய திரையில் அவருடைய விரல்வழியைப் போட்டாள். கோடு இடது பக்கம் ஏறி நின்றது.

சிவகுரு எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். “நான் முடியாதுன்னுதான் வந்தேன்,” என்றார் மெதுவாக. “நீங்கள்லாம் பாத்துக்கிட்டு இருந்திய. ஒடனே அமுக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அதுக்குள்ள… ஆனா சத்தியமா, சரின்னு நானே நெனச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

“எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருந்திருக்கு. நானூத்திப் பன்னெண்டு தடவ. சண்முகக்கனியக்கா ஞாயித்துக்கெழமைத் தேர்வ விட்டுட்டு இதே பாபநாசம் வண்டியில போறதுக்கும் இதுதான் காரணம். அவங்க சரி சொல்லல. சொன்னதா நம்பிக்கிட்டு இருந்தாங்க.”

“போன மாசம் மேலிடத்துக்கு நான் அறிக்கை எழுதியிருக்கேம்மா. பணியாளர் ஒத்துழைப்பு கூடியிருக்குன்னு.” சிவகுரு உட்கார்ந்தார். “ஒருத்தரும் மறுக்கதே இல்லன்னு பெருமையா எழுதினேன்.”

லிங்கதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது எதைப் பாத்துக் கத்துக்கிட்டது?”

“என்னப் பாத்து சார். மாதிரி அறுநூறும் என் கைதான். நடத்துநர்கள்ட்ட வாங்கியிருக்கணும். வாங்கல. அது என் தப்பு.”

வட்டத்தில் இருந்த கடைசி பெஞ்சுக்காரர்கள் பலர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, தப்பு தெரிஞ்சு போச்சு. திருத்திக்கலாம்,” என்றார் லிங்கதுரை. “ஆனா நாளைக்கு வர்றவங்களை நிறுத்த முடியாது. மறுபடி அவங்க எப்ப வருவாங்கன்னும் தெரியாது. பழைய பதிப்பையே காட்டிரு பெனினா. 0.38-ஐப் பாத்ததும் கையெழுத்துப் போட்டுருவாங்க. அப்புறம் உள்ளுக்குள்ள திருத்திப்போம். உன் வேலையும் உறுதியாயிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். என்ன?”

பெனினா சன்னலைப் பார்த்தாள். அவர் சொல்வதில் பொய்யில்லை. வேலை வேண்டும். அவர் எத்தனை வாசல் ஏறினார் என்பதும் தெரியும். அவர் முகம் வாடினால் இன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்காது.

லிங்கதுரை பேனா மூடியைத் திறந்து மதிப்பெண் தாளில் எழுதத் தொடங்கினார். அவள் நின்றதை அவரும் சரி என்றே எடுத்துக்கொண்டார். மூன்று வருடமாக அவளைப் பார்க்கிறவர். இதுவரை அந்தக் கணிப்பு பொய்த்ததில்லை.

“முடியாது சார்,” என்றாள் பெனினா.

பேனா நின்றது.

“நாளைக்குப் புதுப் பதிப்பத்தான் காட்டுவேன். நேத்து ராத்திரியும் இன்னைக்குக் காலையிலயும் எழுதி முடிச்சிட்டேன். வெரல் நின்னா அதுவும் நிக்கும். தொட்டாத்தான் பதில். பத்து நிமிசம் தொடலன்னா முடியாதுன்னு எடுத்துக்கிட்டு வேற ஆளக் கேக்கும். ஏன்னு காரணம் கேக்காது. தயக்க நேரம் கூடும். ஏழு செகண்டு வருது.”

“ஏழா?” என்றார் லிங்கதுரை. “விதிப்படி நான் உனக்கு முதல் வகுப்பு போட முடியாதும்மா.”

“போட வேண்டாம் சார். வேகமா இல்லன்னுதான் அர்த்தம். சரியா இருக்கு.”

அப்படி ஒரு வாக்கியத்தைத் தன் வாயிலிருந்து கேட்டு அவளே கொஞ்சம் வியந்தாள். ஆனால் அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

சிவகுரு நான்கு பேனாவில் ஒன்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் இருந்த ஒப்புதல்களை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். “ஒம்பது பேரைத் திரும்பக் கேக்கணும்,” என்று முனகினார். “ரெண்டு வண்டி ஓடாமக்கூடப் போவலாம். மேலிடத்துல என்னயத்தான் கேப்பாவ.” பிறகு தலையைத் தூக்கி, “அந்தப் புதுசை எனக்குக் காட்டு. அதுலயே கேட்டுப் பாப்போம்,” என்றார்.

வெளியே வரும்போது மைதீன் தன் கைபேசியைக் காட்டினான். “நீ சாருக்கு முடியாதுன்னு சொல்ல எவ்ளோ நேரம் எடுத்தன்னு பாத்தேன். நாலு செகண்டு. உனக்கும் முதல் வகுப்பு போச்சு.”

வெள்ளிக்கிழமை காலை பணிமனையில் சண்முகக்கனியின் கைபேசியில் கேள்வி மறுபடி வந்தது. ஞாயிறு காலை 5.40, பாபநாசம். வர முடியுமா? அவள் விரல் இடது பக்கம் ஏறி நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் ஒரு பேருந்து உறுமாமல், மின்சாரத்தின் மெல்லிய இரைச்சலோடு கிளம்பிப் போனது.

“ஏட்டி, இது ஓடலயா?”

“நீங்க இன்னும் சொல்லலயேக்கா. அது காத்துக்கிட்டு இருக்கு. சும்மா வச்சிட்டாலும் போதும், புரிஞ்சிக்கிடும்.”

“பஸ்ஸப் பாத்துக்கிட்டு நின்னாப் போதுமோ?” சண்முகக்கனி கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கு வேறு ஆசை வந்தது. நான்கு கிலோ குண்டைத் தாங்குகிற விரலால் ‘முடியாது’வை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள். கண்ணாடி பிழைத்துக்கொண்டது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “இன்னொண்ணு வந்தா அனுப்பு.”

ஆகஸ்ட் 9, 2041. வெள்ளி.

பன்னிரண்டு பணிமனைகளில் மூன்று ஏற்றுக்கொண்டன. மற்றவர்கள் மெதுவாக இருக்கிறது என்றார்கள். மூன்றாவது பணிமனையின் அதிகாரி, ‘பாப்போம்’ என்றுதான் முதலில் சொன்னார். அதை முடியாது என்று குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். என் வேலை பற்றி முடிவு இல்லை. மதிப்பெண் அறுபத்திரண்டு, இரண்டாம் வகுப்பு. ஞாயிறு பாபநாசம் வண்டிக்கு மாடசாமி அண்ணன் தானாகவே வலது பக்கம் தொட்டார். விரல்வழிப் பதிவுகள் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டும், அவரவர் பார்த்தபின், அவரவர் முன்னிலையில் அழிக்கப்பட்டன.

இன்று கண்ட தவறு: ஒன்று. புதுப் பதிப்பும் இன்னும் என்னுடைய அறுநூறு மாதிரிகளை வைத்தே யாரை முதலில் கேட்பது என்று தீர்மானிக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

நாளை: காலை ஒன்பது மணிக்குப் பணிமனை கேண்டீன். இருபது நடத்துநர்களிடமும் ஆளுக்கு முப்பது மாதிரித் தொடல் வாங்க வேண்டும். அதில் குறைந்தது பதினைந்து ‘முடியாது’வாக இருக்க வேண்டும். எப்படித் தொடுவது என்று காட்ட, முதலில் என்னுடைய பதினைந்து.